ஏழாவது கூறு

அன்பு மகள் அஞ்சலைக்கு அம்மா எழுதுவது.

நலம் விசாரிப்பதைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். முதலிலேயே அதை எழுதினால் கை அப்படியே மழை, மீன் வரத்து, எதிர்வீட்டுக் கல்யாணம் என்று ஓடி, தாள் முடிந்ததும் 'இப்படிக்கு' போட்டுவிடும். என் சுபாவம் உனக்குத் தெரியாததா? சொல்ல வேண்டிய ஒன்றை விட்டுவிட்டு மற்ற தொண்ணூற்றொன்பதையும் பேசுகிறவள் நான். ஐந்தாம் வகுப்புப் படிப்போடு எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள், இப்போது உனக்கு அதுதானே உத்தியோகம். சிவப்பு மையில் மட்டும் திருத்தாதே. அந்த மையைப் பார்த்தால் இன்னும் நான் தாளைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன்.

போன திங்கட்கிழமை பஸ் ஸ்டாண்டில் நீ சொன்னதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். காரைக்கால் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் பிடித்து, டிரங்குப் பெட்டியைக் காலடியில் தள்ளிவிட்டு, தலையை வெளியே நீட்டினாய். முதல் வேலைக்குப் போகிற பெண், வேளைக்குச் சாப்பிடும்மா, கடிதம் போடும்மா என்று ஏதாவது சொல்லுவாய் என்று நினைத்தேன். நீ சொன்னது வேறு. "அன்னைக்கு நான் வாயை மூடிட்டு இருந்திருக்கணும்மா. என்னாலதான நம்ம பங்கு நின்னுச்சு. இனிமே மாசாமாசம் நான் அனுப்பறேன், நீ கூடை தூக்காத." அவ்வளவுதான். கண்டக்டர் விசில் ஊதினார், பஸ் முதலியார்பேட்டைப் பக்கம் திரும்பிப் போய்விட்டது. நான் கையில் உனக்காக வாங்கிய வாழைப்பழச் சீப்போடு அங்கேயே நின்றேன். அதைக்கூடக் கொடுக்க மறந்துவிட்டேன்.

பதினோரு வருஷமாக அதை உள்ளே வைத்துக்கொண்டிருந்திருக்கிறாய். எனக்கு அது தெரியாது என்று எழுதினால் பொய். தெரியும் என்று எழுதினாலும் முழு உண்மை இல்லை. தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தேன் என்பதுதான் சரி போலிருக்கிறது. அஞ்சலை, நீ நினைத்துக்கொண்டிருப்பது நடந்தது இல்லை. நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். எங்கிருந்து தொடங்குவது என்றுதான் நான்கு நாளாகக் குழப்பம். எழுதி எழுதிக் கிழித்ததில் அந்தப் பழைய கணக்கிலேயே வந்து நிற்கிறேன். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

உனக்கு நினைவிருக்கும், இருந்தாலும் என் பக்கத்திலிருந்து ஒரு முறை கேள். உங்கள் அப்பா இருந்தவரை காத்தவராயன் அண்ணனுடைய கட்டுமரத்தில் ஐந்து பேர் போவார்கள். பெரிய மீனெல்லாம் கரை ஏறியவுடன் ஏலத்துக்குப் போய்விடும். ஏலத்துக்கு ஆகாத கவலை, காரப்பொடி மாதிரிச் சின்ன மீனெல்லாம் மணலிலேயே கூறு போடப்படும். ஆளுக்கு ஒன்றாக ஐந்து. மரத்துக்கு ஒன்று, வலைக்கு ஒன்று. ஆக ஏழு. மரம் காத்தவராயன் அண்ணனுடையது, வலை அவர் மச்சானுடையது, அதனால் அந்த இரண்டும் அவரவர் வீட்டுக்குப் போகும். வம்பாகீரப்பாளையத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை. நடக்கப் பழகும்போதே கூறை மிதிக்காமல் நடக்கவும் பழகிவிடும்.

உனக்குப் பத்து வயதில் அப்பா போனார். முகத்துவாரத்து அலையில் மரம் புரண்டது, நான்கு பேர் நீந்தி வந்தார்கள். முப்பதாம் நாள் காரியம் முடிந்ததும் நான் ஏலத்தில் மீன் எடுத்து விற்கலாம் என்று கூடையோடு கரைக்குப் போனேன். காத்தவராயன் அண்ணன் கூறு போட்டுக்கொண்டிருந்தார். நான்கு பேர்தான் நின்றார்கள். மணலில் ஏழு கூறு இருந்தது. அவர் ஒன்றை அள்ளி என் கூடையில் போட்டார். ஏன் என்று கேட்டால் அழுகை வரும், வாங்கிக்கொண்டு திரும்பினால் அன்றைக்குக் குழம்பு கொதிக்கும். இரண்டாவதே எனக்குச் சுலபமாக இருந்தது. அப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. நடுவில் ஒரு நாள்கூட அது எதற்காக வருகிறது, எதுவரை வரும் என்று நான் கேட்டதில்லை.

பிறகு நீ ஏழாம் வகுப்புக்குப் போனாய். அந்த வருஷம்தான் எக்ஸ் என்று ஒரு வஸ்து நம் வீட்டுக்குள் வந்தது. தெரியாத எண்ணுக்கு எக்ஸ் என்று பெயர் வைத்து, அதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றாய். தெரியாத ஒன்றுக்கு எதற்குப் பெயர் என்று கேட்டேன். பெயர் வைத்தால்தான் தேட முடியும் என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னாய். உங்கள் கணக்கு டீச்சர் நல்லவர். புத்தகத்தில் மாம்பழம் என்று இருந்ததை, கடற்கரைப் பிள்ளைகளுக்குப் புரியட்டும் என்று, அவரே மீன் என்று மாற்றிக் கரும்பலகையில் எழுதினாராம். நான்கு மீனவர்கள் தாங்கள் பிடித்த மீன்களைச் சமமாகப் பங்கிட்டுக்கொண்டனர், ஒவ்வொருவருக்கும் ஆறு மீன்கள் கிடைத்தன, பிடித்த மீன்கள் எத்தனை? அவர் மாம்பழத்தை மாம்பழமாகவே விட்டிருந்தால் நீயும் எல்லாரையும் போல இருபத்திநான்கு என்று எழுதியிருப்பாய், நான் இன்றைக்கு இந்தக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். நல்லது செய்யப்போய்தான் அந்த அம்மாள் மாட்டிக்கொண்டார், பாவம்.

நீ எழுதியது நாற்பத்திரண்டு. எக்ஸ் மேலே, அதற்குக் கீழே ஏழு, சமன் ஆறு, ஆகவே எக்ஸ் நாற்பத்திரண்டு என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாய். அதன் மேல் குறுக்கே சிவப்புக் கோடு. ஏழு எங்கிருந்து வந்தது என்று டீச்சர் கேட்டாராம். நாலு பேர், மரம், வலை, அப்புறம் எங்க வீடு என்று நீ சொன்னாயாம். டவுன் பிள்ளைகள் சிரித்தார்களாம். நீ இதையெல்லாம் சொன்னபோது அழவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். நோட்டை என் முன்னால் விரித்து வைத்துவிட்டு, "எதும்மா சரி?" என்று கேட்டாய். மானம் போனதே என்ற வருத்தம் உனக்கு இல்லை. விடை தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

எனக்குத் தெரியவில்லை, அஞ்சலை. அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. நான் படித்தது பிரெஞ்சுக்காரன் காலத்துப் பள்ளிக்கூடம். அங்கே வகுத்தல் போட்டால் வகுக்கிற எண்ணை வலப்பக்கம், ஒரு கோட்டுக்கு அப்பால் எழுதுவோம். நீங்கள் இடப்பக்கம் எழுதுகிறீர்கள். உன் நோட்டிலோ இடமும் இல்லை, வலமும் இல்லை, கீழே இருந்தது. எது எதை வகுக்கிறது என்று எனக்குப் பிடிபடவே கால் மணி நேரம் ஆனது. அதற்குள் நீ சமன் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் வகுத்தல் பெருக்கலாக மாறிவிடும் என்றாய். கோரிமேட்டு எல்லையைத் தாண்டினால் சட்டம் மாறுகிற மாதிரியா என்று கேட்டேன். ஆமாம் என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்களெல்லாம் முதலில் மீனைப் பார்ப்போம், பிறகு கூறு போடுவோம். இங்கே கூறு கண்ணெதிரே இருக்கிறது, பிடித்த மீனை ஒளித்து வைத்துவிட்டு எவ்வளவு என்று கேட்கிறார்கள். ஏன் ஒளிக்க வேண்டும்? இதைக் கேட்டால் நீயும் சிரிப்பாய் என்று வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் மீன் விற்கப் போன இடத்தில், சொல்தா வீட்டு ஐயாவிடம் கேட்டேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர், எண்ணெல்லாம் அவருக்கு அத்துப்படி. வராந்தாவில் சுண்ணாம்புக்கட்டியால் என் பள்ளிக்கூடத்து முறையிலேயே வலப்பக்கம் கோடு இழுத்துப் போட்டு, "வேன்கத்ர்" என்றார். இருபத்திநான்கு. மரத்துக்குப் பங்கு ஐயா, வலைக்குப் பங்கு ஐயா என்றேன். மரம் மீன் தின்னுமா என்று கேட்டார். நான் கூடையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கிவிட்டேன். இரண்டு பெரிய படிப்பாளிகள் ஒரே எண்ணைச் சொல்லும்போது, கூடைக்காரி நான் எதை வைத்து மறுப்பது? சாயங்காலம் நீ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், டீச்சர் சொல்வதுதான் சரி, நாலு பேர் என்றால் நாலு பேருக்குத்தான் பங்கு, எதிர்த்துப் பேசாமல் எழுது என்று சொல்லிவிட்டேன். உனக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று அப்படிச் சொல்லவில்லை. கேள்வி ஓய்ந்தால் போதும் என்றிருந்தது. அதுதான் நான் செய்த முதல் தப்பு.

நீ ஓய்கிற ஆளா? சனிக்கிழமை லீவு. காலையில் மில் சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே என் பின்னால் கரைக்கு வந்துவிட்டாய். பாவாடை மடிப்பில் எதையோ செருகி வைத்திருந்தாய், நான் கவனிக்கவில்லை. மரம் கரையேறியது. காத்தவராயன் அண்ணன் குந்தி உட்கார்ந்து கூறு போட்டார். நீ அவருக்கு எதிரில் போய் அதே மாதிரி குந்தினாய். அதன்பின் நடந்த பேச்சு அப்படியே என் காதில் இருக்கிறது.

"மாமா, நாலு பேர்தான போயிட்டு வந்தீங்க. ஏன் ஏழு கூறு?"

"மரத்துக்கு ஒண்ணு, வலைக்கு ஒண்ணு."

"அது ஆறுதான். ஏழாவது?"

"ஏழாவது உங்கப்பாவோடது."

"அப்பா வரலியே, மாமா."

கூறு போட்ட கை அப்படியே நின்றது. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் கடலைப் பார்த்தார்கள். அவர் மச்சான் மட்டும் வலையை உதறிக்கொண்டே, பொண்ணு சரியாத்தான கேக்குது என்று மெதுவாகச் சொன்னார். கிண்டலாகச் சொன்னாரா, மனதில் கிடந்ததைச் சொன்னாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. காத்தவராயன் அண்ணன் அவரை ஒரு முறை முறைத்தார். பிறகு எப்போதும் போல ஏழாவது கூறை அள்ளி என் கூடையில் போட்டார். எப்போதும் போடுவதைவிட ஒரு பிடி அதிகமாகவே போட்டார். அவர் பங்கை நிறுத்தவில்லை என்பதை இங்கே ஒரு தரம் படித்துக்கொள். நீ கேட்ட அந்தக் காலையிலும் அவர் கொடுத்தார்.

நான்தான் உன்னை அறைந்தேன். அத்தனை பேர் முன்னால், கன்னத்தில். நீ விழவில்லை, அழவில்லை, கையால் மடிப்பைத்தான் அழுத்திப் பிடித்தாய். அப்போதுதான் உள்ளே இருந்தது உன் கணக்கு நோட்டு என்று தெரிந்தது. ஓரத்தில் பென்சில்கூடச் செருகியிருந்தது. ஏழு கூறுக்கும் பெயர் எழுதிக்கொண்டு போய், டீச்சரிடம் காட்டி, அந்தச் சிவப்புக் கோட்டை அழிக்கச் சொல்ல வந்திருக்கிறாய். பங்கை வேண்டாம் என்று சொல்ல நீ வரவில்லை. பங்கு உண்டு என்று எழுதி வாங்கத்தான் வந்தாய். இது எனக்கு அந்த நிமிஷமே புரிந்தது. புரிந்த பிறகும் கையைப் பிடித்துத் தரதரவென்று வீட்டுக்கு இழுத்து வந்தேன். வழியில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

அன்றைக்கு முழுவதும் எனக்கு உடம்பு எரிந்தது. இரண்டு வருஷம் நான் கேட்காத கேள்வியை ஒரு பிள்ளை கேட்டுவிட்டது. அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கின்றன. நான்கு பேர் துடுப்புப் போட்டுக் கொண்டுவருவதில் ஏழில் ஒன்றை நான் கையை வீசிக்கொண்டு போய் வாங்கி வருகிறேன். ஒரு பக்கம் அது தர்மம் மாதிரித் தெரிந்தது. இன்னொரு பக்கம், உங்கள் அப்பா உயிரைக் கொடுத்த மரத்தில் அவருக்குப் பங்கு இல்லையா என்று கோபமும் வந்தது. தர்மமா, உரிமையா? இரண்டில் எது என்று தெரிந்திருந்தால் ஒன்று நன்றி சொல்லியிருப்பேன், இல்லையென்றால் தலை நிமிர்ந்து வாங்கியிருப்பேன். எனக்கு இரண்டும் தெரியவில்லை. தெரியாதபோது ரோஷம் முந்திக்கொள்ளும், அது என் பிறவிக் குணம்.

மறுநாள் காலை உன்னை எழுப்பாமல் நான் மட்டும் கரைக்குப் போனேன். "அண்ணே, நாளையிலருந்து எங்களுக்குக் கூறு போட வேணாம்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "சின்னப் பொண்ணு கேட்டதுக்கா, தங்கச்சி?" என்றார். இல்லை, நானே கேட்டிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, அவர் மேலே பேசுவதற்குள் திரும்பி நடந்தேன். பின்னாலிருந்து இரண்டு முறை கூப்பிட்டார். காதில் விழாத மாதிரி வந்துவிட்டேன்.

இதுவரை செய்ததைக்கூட நீ மன்னிக்கலாம். அடுத்தது கஷ்டம். அதற்கு மறுநாள் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன். தட்டைப் பார்த்துவிட்டு, மீன் இல்லியாம்மா என்று கேட்டாய். சாதாரணமாகத்தான் கேட்டாய். நான் சொன்ன பதிலை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். "நாலு பேருக்குத்தான் பங்குன்னு டீச்சர் சொல்லிட்டாங்க, நீயும் போய்க் கேட்டுட்ட. நிறுத்திட்டாங்க." நிறுத்திட்டாங்க என்றேன், நிறுத்திட்டேன் என்று சொல்லவில்லை. பிள்ளையிடம் தோற்கக் கூடாது என்று வாயில் வந்துவிட்டது. நீ தலையைக் குனிந்துகொண்டு தட்டில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாய். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த நாளைக்குத்தான் பதினோரு வருஷம் ஆகிவிட்டது.

அதன்பின் நீ கரைக்கு வரவில்லை. காத்தவராயன் மாமா வீட்டுத் தெருவில் போகாமல் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாய். என் குழம்புச் சட்டியில் எனக்கு மீன் மிச்சம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உன் தட்டில் வைத்துக்கொள்வாய், இன்றைக்கும் அப்படித்தான். அரைப் பரீட்சை முடிந்து டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கணக்கில் நூற்றுக்கு நூறு, ஆனால் வகுப்பில் வாயே திறப்பதில்லை, முன்பெல்லாம் கேள்வி கேட்டுத் துளைக்கிற பிள்ளை என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அடக்கமான பிள்ளை என்று பெருமைப்பட்டேன். வழியெல்லாம் நூறு, நூறு என்று சொல்லிக்கொண்டு வந்தேன். உன் வாயை அடைத்தது நான்தான் என்று அடிமனதில் எங்கோ தெரிந்தது. தெரிந்ததை மிதித்துக்கொண்டேதான் நடந்தேன்.

பங்கை விட்டதால் நாம் பட்டினி கிடந்துவிடவில்லை. நான் முன்னைவிடச் சீக்கிரம் எழுந்து, இரண்டு தெரு கூடுதலாகச் சுற்றினேன். நோணாங்குப்பத்துக்கு நடந்து போய் ஆற்று இறால்கூட எடுத்து வந்து விற்றேன். அந்தக் கஷ்டத்துக்கெல்லாம் நீதான் காரணம் என்று நீ நினைத்துக்கொண்டு, விளக்குத் திரியைக் குறைத்து வைத்துப் படித்தாய். நான் கால் வலிக்கிறது என்று சொன்னால் எழுந்து வந்து பிடித்துவிடுவாய். அப்போதெல்லாம் உண்மையைச் சொல்ல வாயெடுப்பேன். பிள்ளை கால் பிடித்துவிடுவது சுகமாகத்தானே இருக்கும், அதை விட்டுவிட்டு யார் தன்னைக் குற்றவாளி என்று சொல்லிக்கொள்வார்கள்? என்னைப் பற்றி இப்படி எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் டீச்சரிடம் விடையை மட்டும் காட்டினால் போதாது, வழியையும் எழுத வேண்டும் என்று நீதான் சொல்லுவாய்.

இப்போது கடைசிக் குழப்பத்துக்கு வருகிறேன். உன் வேலை உத்தரவு வந்ததும் ஊருக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தேன் அல்லவா? நீ போன மறுநாள்தான் காத்தவராயன் அண்ணன் வீட்டுக்குப் போக எனக்குத் தைரியம் வந்தது. கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டார், ஒரு கண்ணில் புரை. பழைய மரம் எப்போதோ உளுத்துப்போய், அடுப்புக்கு விறகாகிவிட்டது. சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டு, இன்னா வேலை பொண்ணுக்கு என்று கேட்டார். கணக்கு டீச்சர் என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் புரை ஏறி, நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. அன்னைக்கே எனக்குத் தெரியும் என்றார். பிறகு நான் கேட்காமலே அவர் சொன்னார்.

"நீ போன பிறகும் ஏழுதான் போட்டுகினு இருந்தேன். கரையில யார் நின்னாலும் அதை எடுத்துக்கச் சொல்லிடுவேன். மரம் இருந்தவரைக்கும் அப்படித்தான். நீ வேணாம்னுட்டா அவன் பங்கு இல்லாம போயிடுமா?"

அவர் மச்சான் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டேன். அந்த ஏழாவது கூறை எடுத்து ஆம்பிளை இல்லாத வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததே பாதி நாள் அவர்தான் என்றார். அப்படியானால் அன்றைக்கு, பொண்ணு சரியாத்தான கேக்குது என்று அவர் சொன்னதற்கு என்ன அர்த்தம்? இத்தனை வருஷம் அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவர் நிழல்கூட மேலே படாமல் ஒதுங்கிப் போனேன். கூப்பிட்டுக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷ வேலை. உன்னை அறைந்த கையால் அந்த ஆளிடம் ஒரு கேள்வி கேட்க முடியவில்லை எனக்கு.

வீட்டுக்கு வந்து, உன் பழைய நோட்டுகளைத் துழாவி அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். நீ அதைக் கிழித்துப் போட்டிருப்பாய் என்று நினைத்தேன், கிழிக்கவில்லை. சிவப்புக் கோடு பழுப்பாகிவிட்டது. நானும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மீன் நாற்பத்திரண்டு, கூறுக்கு ஆறு, எத்தனை கூறு? இப்போது எக்ஸ் கீழே போய்விட்டது. கீழே இருக்கிற எக்ஸை எப்படி மேலே கொண்டுவருவது என்று தெரியாமல் நான்கு தாளை வீணாக்கினேன். விடை ஏழு என்று எனக்குத் தெரியும், மணலில் பார்த்திருக்கிறேன். வழிதான் வரவில்லை. இடப்பக்கம் எழுதினாலும் வரவில்லை, வலப்பக்கம் எழுதினாலும் வரவில்லை. நீ லீவில் வரும்போது இதைப் போட்டுக் காட்டு.

டீச்சர் சொன்னது தப்பு என்றும் என்னால் இப்போது சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வியில் நான்கு பேர்தான் இருந்தார்கள், அதற்கு இருபத்திநான்குதான் விடை. உன் விடையும் தப்பில்லை. ஒரே கேள்விக்கு இரண்டு விடை எப்படிச் சரியாக இருக்கும் என்று கேட்காதே, அதுதான் எனக்கும் புரியவில்லை. நாளைக்குக் காரைக்கால் கடற்கரையிலிருந்து ஒரு பிள்ளை வந்து உன் வகுப்பில் நாற்பத்திரண்டு என்று எழுதிக் காட்டினால் நீ என்ன செய்வாய்? சிவப்புக் கோடு போடத்தான் வேண்டியிருக்கும், பரீட்சை என்று ஒன்று இருக்கிறதே. போட்டுவிட்டு அந்தப் பிள்ளை பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருவாயோ என்னவோ. உனக்கு நான் சொல்லித் தர முடியாது, நீதான் படித்தவள்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், அதை மட்டும் குழப்பமில்லாமல் எழுதுகிறேன். நம் பங்கு உன்னால் நிற்கவில்லை. உன் கேள்வி அதைத் தொடவே இல்லை. நிறுத்தியது நான். நிறுத்திவிட்டுப் பழியை உன் தட்டில் வைத்தவளும் நான். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதைச் சாப்பிட்டு எழுந்துபோனது. என்னை மன்னித்துவிடு என்று எழுதினால் உடனே மன்னித்துவிடுவாய், உன் குணம் எனக்குத் தெரியும். அதனால் அப்படி எழுதவில்லை. முதலில் கோபப்படு. பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மாசாமாசம் பணம் அனுப்புகிறேன் என்றாயே, அதை நீ செய்த தப்புக்குப் பரிகாரம் என்று நினைத்து அனுப்புவதானால் வேண்டாம். அம்மாவுக்கு என்று நினைத்து அனுப்பினால் வாங்கிக்கொள்கிறேன், இந்த முறை ரோஷம் பார்க்க மாட்டேன். கூடையை இன்னும் கொஞ்ச நாள் தூக்குவேன், கால் நன்றாகத்தான் இருக்கிறது. அந்தக் காலத்தில் நான் சொன்ன வலியில் பாதி, நீ பிடித்துவிடுவதற்காகச் சொன்ன வலி.

இப்போது நலம் விசாரிக்கிறேன். அறை ஒழுகாமல் இருக்கிறதா, தண்ணீர் உப்பா, உடன் இருக்கிற டீச்சர் எப்படி, வகுப்பில் பிள்ளைகள் அடங்குகிறார்களா? அடங்கவில்லை என்றால் அப்படியே விட்டுவிடு. உடனே பதில் போடு. நலம், நலம் என்று நான்கு வரி எழுதி அனுப்பாதே. அதில் ஒரு கேள்வியாவது என்னைக் கேட்டிருக்க வேண்டும். எதை வேண்டுமானாலும் கேள், எத்தனை வேண்டுமானாலும் கேள். கையை ஓங்க மாட்டேன். பழக்கதோஷத்தில் ஓங்கினாலும் காரைக்கால் வரைக்கும் எட்டாது.

பதிலுக்குக் காத்திருக்கும்
உன் அம்மா